கணினியில் வைஃபை அடாப்டர் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியை வைஃபையில் இணைக்கும் கருவியான வைஃபை அடாப்டரை வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் பேச்சு விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றைப் பற்றியது.

என் கணினியில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

தொடக்கப் பொத்தானின் மேல் வலது சொடுக்கு செய்து 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறந்து, அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். அங்கே உள்ள பெயர்களில் 'வயர்லெஸ்', 'வைஃபை', '802.11' ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அடாப்டர் இருக்கிறது என்று பொருள். 'ஈதர்நெட்' அல்லது 'ஜிபிஇ' என்று மட்டும் இருந்தால் அது கேபிள் இணைப்புக்கானது.

மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு அருகே மரை போட்ட, பொன்னிறமான இரண்டு சிறிய முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது. அதற்குரிய ஆண்டெனா மட்டும் மாட்டப்படவில்லை. மதர்போர்டு வந்த பெட்டிக்குள் ஆண்டெனா பிரிக்கப்படாமலே கிடக்க, புதிய அடாப்டர் வாங்கி வருபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

யூஎஸ்பி டாங்கிள் வாங்குவதா, உள்ளே பொருத்தும் கார்டு வாங்குவதா?

மேசைக் கணினியைத் திறக்கத் தயக்கம் இல்லை, உள்ளே கூடுதல் கார்டு செருகுவதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது என்றால், கார்டுதான் என் தேர்வு. அது சூடாவது குறைவு, ஆண்டெனாவும் பெரியது, நீண்ட நேரம் தொடர்ந்து இயங்கும்போது இணைப்பு அறுந்துபோவதும் அரிது. யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு கருவியான டாங்கிளின் நன்மை அதைப் பிடுங்கி வேறு கணினியில் செருகிக்கொள்ளலாம் என்பதே. விரல் நகத்தளவு இருக்கும் மிகச்சிறிய டாங்கிள்கள் மடிக்கணினியில் துருத்தாமல் இருக்கும் என்பதற்காக விற்பனையாகின்றன. ஆனால் அவற்றுக்குள் ஆண்டெனாவுக்கு இடமே இல்லை. ரூட்டர் இருக்கும் அறையைத் தாண்டினால் அவற்றை நம்ப முடியாது.

பெட்டியில் ஏசி1200, ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கிறது. அந்த எண் முழுக்க வேகம்தானா?

இல்லை. அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கி அச்சிட்ட கணக்கு. ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 300 மெகாபிட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட்டும் சேர்ந்தது. ஏஎக்ஸ்1800 என்பது 574, 1201 ஆகியவற்றின் கூட்டு. ஏஎக்ஸ்3000 என்பது 574, 2402 ஆகியவற்றின் கூட்டு. இந்த வகை அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையில்தான் ரூட்டருடன் பேசும் என்பதால், கூட்டுத்தொகை உங்கள் கைக்கு எப்போதும் வராது.

அந்த 2402 என்ற எண்ணும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலை ரூட்டரும் தந்தால்தான் திரையில் தோன்றும். ரூட்டர் 80 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தரும் என்றால் ஏஎக்ஸ்3000 அடாப்டரும் 1201இல் நின்றுவிடும். 2402 என்றே தோன்றினாலும், அது காற்றில் பேசிக்கொள்ளும் வேகமே தவிர கோப்பு இறங்கும் வேகம் அன்று. நல்ல சூழலில் அதில் பாதியோ பாதிக்குச் சற்று மேலோ கிடைத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்பெனிப் பெயரைப் பார்க்காதே, சிப்பைப் பார் என்கிறார்கள். சிப்பின் பெயர் பெட்டியில் இல்லையே?

அவர்கள் சொல்வது சரிதான். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை சிப்பின் பெயரில்தான் இருக்கிறது. அடாப்டர் விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை சிப் செய்வதில்லை. ரியல்டெக், மீடியாடெக், இன்டெல், குவால்காம், பிராட்காம் போன்ற சில நிறுவனங்களின் சிப்பை வாங்கி, தம் உறையில் அடைத்து விற்கின்றன. டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்), லினக்ஸ் ஆதரவு, ஹாட்ஸ்பாட் வசதி எல்லாம் சிப்பைப் பொறுத்தவை. ஒரே மாடல் பெயரில் இரண்டாம் பதிப்பு வரும்போது உள்ளே வேறு நிறுவனத்தின் சிப் இருப்பதும் உண்டு. அதனால்தான் பெட்டியின் ஓரத்திலோ அடாப்டரின் வயிற்றுப் பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டி சொல்லாவிட்டாலும் அடாப்டர் சொல்லிவிடும். அதைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர்மேல் வலது சொடுக்கு செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'டீட்டெய்ல்ஸ்', பிறகு 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்று செல்லுங்கள். யூஎஸ்பி அடாப்டராக இருந்தால் 'விஐடி' என்பதற்குப் பின்னால் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும்: 0பிடிஏ என்றால் ரியல்டெக், 0இ8டி என்றால் மீடியாடெக். உள்ளே பொருத்தும் கார்டில் 'விஇஎன்' என்பதற்குப் பின்னால் 8086 என்று இருந்தால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம். சில டாங்கிள்களில் இந்த இடத்தில் விற்ற நிறுவனத்தின் குறியீடே இருக்கும். அந்த முழு வரியையும் அப்படியே நகலெடுத்து இணையத்தில் தேடினால் எந்தச் சிப் என்பது பெரும்பாலும் முதல் சில முடிவுகளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் டிரைவரைப் போட வேண்டுமா, அடாப்டரைச் செருக வேண்டுமா?

இப்போதைய விண்டோஸில் முதலில் செருகிப் பார்ப்பதே நல்லது. புழக்கத்தில் உள்ள பல சிப்புகளுக்கு அடிப்படை டிரைவர் விண்டோஸிலேயே இருக்கும், அல்லது விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானே வந்துவிடும். வரவில்லை என்றால் மட்டும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுங்கள். உடன் வந்த குறுந்தகட்டைத் தேடி அலைய வேண்டாம். அதிலிருப்பது பெரும்பாலும் பழைய டிரைவர். உங்கள் அடாப்டரின் கையேடு 'முதலில் மென்பொருளை நிறுவிய பிறகே செருகவும்' என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் அந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். வேறு கணினியும் இல்லை. என்ன செய்வது?

ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றும் அதன் தரவுக் கேபிளும் போதும். கைபேசியைக் கணினியில் செருகி, கைபேசியின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குச் சென்று 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். விண்டோஸும் லினக்ஸும் கைபேசியை ஒரு கேபிள் இணைப்பாகக் கருதி, தனி டிரைவர் எதையும் கேட்காமல் இணையத்துக்குள் சென்றுவிடும். கைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பல மாடல்களில் அந்த வைஃபையே கணினிக்கும் வரும். மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமே ஆனதாக இருந்தால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே நிற்கும். அப்போது மாற்ற வேண்டியது கேபிளை.

ஐபோனில் இதைச் செய்ய விண்டோஸ் கணினியில் ஆப்பிளின் மென்பொருள் முன்பே இருந்தாக வேண்டும். ஆகவே இந்த நெருக்கடியில் அது உதவாது. அத்தகையோர் கைபேசியிலேயே டிரைவர் கோப்பை இறக்கி, யூஎஸ்பி பென்டிரைவ் மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஒன்று திறக்கிறது. வைஃபை மட்டும் வரவே இல்லை.

பழுது எதுவும் இல்லை. சில டாங்கிள்கள் தம் டிரைவரைத் தமக்குள்ளேயே சிறு நினைவகத்தில் சுமந்து வருகின்றன. முதலில் தம்மை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டு, அதிலுள்ள நிறுவல் கோப்பை நீங்கள் இயக்கிய பிறகே வைஃபை அடாப்டராக வேடம் மாறும். அந்தக் கோப்பை இயக்கி முடித்து, ஒருமுறை பிடுங்கிச் செருகுங்கள். அதன் பிறகும் டிரைவாகவே தோன்றினால், கோப்பு உலாவியில் அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து 'இஜெக்ட்' கொடுத்துப் பாருங்கள். பல சமயம் அந்தக் கணமே வைஃபை எழுந்துவிடும்.

செருகிவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இங்கேதான் பலர் அவசரப்பட்டு விண்டோஸையே மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால், சிக்கல் எந்தப் படியில் நிற்கிறது என்பதை உறுதி செய்யுங்கள். மூன்றே படிகள்தான்: பொருள் கணினியின் கண்ணில் படுகிறதா, அதற்கு டிரைவர் அமைந்திருக்கிறதா, பிறகு அது ரூட்டருடன் பேசுகிறதா. மேல்படியில் உள்ள சிக்கலுக்குக் கீழ்ப்படியில் மருந்து இல்லை; டிரைவரே அமையாதபோது ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருக்காது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டாங்கிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பட்டியல் ஒரு கணம் துடித்துப் புதுப்பித்துக்கொண்டால் கணினி அதைப் பார்க்கிறது. துடிக்கவே இல்லை என்றால் சிக்கல் முதற்படியில்: வேறு போர்ட்டில் செருகுங்கள், மேசைக் கணினியானால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள், மின்சாரம் தனியாக இல்லாத யூஎஸ்பி ஹப்பைத் தவிருங்கள், இன்னொரு கணினியிலும் செருகிப் பாருங்கள். எங்கும் அசைவில்லை என்றால் அடாப்டர் போய்விட்டது.

பட்டியலில் மஞ்சள் முக்கோணத்துடன் தோன்றினால் சிக்கல் இரண்டாம் படியில். அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் டிரைவர் பொருந்தாததால் வருவது. 43 என்றால் சாதனமே கோளாறு என்று சொல்லிவிட்டது. கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி இயக்கியும் அது போகவில்லை என்றால் அடாப்டரையே சந்தேகிக்கலாம். முக்கோணம் இல்லாமல் பெயர் ஒழுங்காக நின்றும் வைஃபை பொத்தான் தென்படவில்லை என்றால், விமானப் பயன்முறை இயங்குகிறதா என்று பாருங்கள்; பிறகு 'சர்வீசஸ்' பட்டியலில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' இயங்குகிறதா என்றும் பாருங்கள். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்கள் சில இந்தச் சேவையைச் சத்தமில்லாமல் நிறுத்திவைக்கின்றன.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை நானே பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்தலாம். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கூட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகு கார்டை எடுங்கள். வைஃபை கார்டின் பல்வரிசை மிகக் குட்டையானது. அதே அளவுள்ள சிறிய ஸ்லாட் இல்லாவிட்டால் நீளமான ஸ்லாட்டிலும் அது ஒழுங்காக வேலை செய்யும். சாய்க்காமல் நேராக அழுத்தி, தகட்டைத் திருகால் இறுக்கிய பிறகே ஆண்டெனாவை மாட்டுங்கள். ஆண்டெனா இல்லாமல் சோதித்துப் பார்த்துவிட்டு 'சிக்னலே இல்லை' என்று கார்டைத் திருப்பி அனுப்புவது வழக்கமாக நடக்கும் கூத்து.

கார்டு போட்டேன். வைஃபை வருகிறது, புளூடூத் மட்டும் காணோம்.

கார்டுடன் ஒரு மெல்லிய கேபிள் வந்திருக்கும். அதை மாட்டவில்லை என்பதுதான் காரணம். இந்தக் கார்டுகளில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் புளூடூத் யூஎஸ்பி வழியாகவும் கணினியை அடைகின்றன. கேபிளின் ஒரு முனையைக் கார்டிலும், மறுமுனையை மதர்போர்டில் 'எஃப்_யூஎஸ்பி' அல்லது அதுபோன்ற பெயருடன் இருக்கும் ஒன்பது ஊசி இணைப்பிலும் மாட்டுங்கள். பத்துக் குழிகளில் ஒன்று அடைபட்டிருக்கும். அது மதர்போர்டில் ஊசி இல்லாத மூலைக்கு நேராக வரவேண்டும். மாட்டியும் வரவில்லை என்றால் புளூடூத்துக்கான டிரைவரைத் தனியாக நிறுவுங்கள். வைஃபை டிரைவரில் அது அடங்காது.

மடிக்கணினிக்கு உள்ளே இருக்கும் வைஃபை கார்டை மாற்ற முடியுமா?

பலவற்றில் முடியும், வாங்குவதற்கு முன்னால் சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, கார்டு தனியாகக் கழலுமா அல்லது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் பற்றவைத்துத்தான் வருகிறது. கழலும் என்றால் அது பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எம்.2 வகை.

இரண்டாவதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். இன்டெல் கார்டுகளில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வகைகள் உண்டு. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை முழுமையான கார்டுகள். ஏஎம்டி கணினியிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவற்றிலோ வேலையின் ஒரு பகுதி இன்டெல் பிராசசர் பக்கமே நடக்கிறது. அந்த வசதி இல்லாத கணினியில் அவை ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் உயிர் வராது. கடைசி இலக்கம் பூச்சியமா ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். இதுதவிர, சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் இயங்கவே மறுத்துவிடும்.

மாற்றும்போது மிகக் கவனம் தேவைப்படுவது ஆண்டெனா முனைகளுக்கு. அரிசி நுனி அளவுள்ள அந்த வட்ட முனையைக் குழிக்கு நேர் மேலே நிறுத்தி, சரியாகப் பொருந்தியது விரலுக்குத் தெரிந்த பிறகே அழுத்த வேண்டும். 'டிக்' என்று மெல்லிய ஓசை வரும். சாய்வாக அழுத்தினால் ஓரம் நசுங்கி, பிறகு எத்தனை முறை மாட்டினாலும் கழன்றுகொண்டே இருக்கும்.

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது. என் வைஃபை பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

பக்கத்தில் உள்ளவை தெரிகின்றன என்பதால் முதல் இரண்டு படிகளும் சரியாக உள்ளன; மூன்றாம் படிக்கு வந்துவிட்டோம். உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அந்தப் பெயரை ஒலிபரப்பி, அடாப்டர் 2.4 மட்டுமே அறிந்ததாக இருந்தால் பெயர் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் அமர்ந்திருந்தாலும் சில அடாப்டர்கள் காணமாட்டா. அந்தச் சேனல்களைப் பயன்படுத்தாத நாடுகளுக்கென அமைக்கப்பட்டவை அவை. ரூட்டரின் அமைப்பில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் நெரிசலுக்கும் அது நல்லது.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரூட்டர் அங்கே ஒலிபரப்பத் தொடங்கும் முன் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ரேடாரைக் கேட்டால் உடனே சேனலை மாற்றிவிடும். ரூட்டரை இயக்கிய சற்று நேரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாக வருவதற்கும், திடீரென மறைவதற்கும் இதுவே காரணம். 36 முதல் 48 வரையிலான சேனல்களில் இந்தத் தொல்லை இல்லை. கடைசியாக, 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை விண்டோஸ் 10 காட்டாது. அதற்கு விண்டோஸ் 11 வேண்டும். வைஃபை 7 அடாப்டர் வாங்கியிருந்தால் அதன் புதிய வசதிகளுக்கு விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு தேவை.

கடவுச்சொல் சரிதான், கைபேசி இணைகிறது. கணினி மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது.

சேமித்து வைத்த பழைய விவரத்தை முதலில் 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, புதிதாக இணைத்துப் பாருங்கள். பலிக்கவில்லை என்றால் ரூட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். அது டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய அடாப்டர்கள் உள்ளே வர இயலாது. விண்டோஸ் 10இலேயே 1903ஆம் பதிப்பிலிருந்துதான் அந்த ஆதரவு வந்தது. ரூட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தால் போதும். 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 கட்டாயம் என்பதால் அங்கே இந்தச் சமரசம் செல்லாது. ரூட்டரில் குறிப்பிட்ட சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் மேக் முகவரி (அடாப்டருக்கு உரிய அடையாள எண்) வடிகட்டி இயங்கினால், புதிய அடாப்டரின் முகவரியை அதில் சேர்க்க வேண்டும். கணினி பழையதாக இருந்தாலும் ரூட்டரின் கண்ணுக்கு இது புது ஆள்.

இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் இணையம் இல்லை.

அதே வைஃபையில் வேறு ஒரு சாதனத்தில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லை என்றால் அடாப்டரை விட்டுவிடுங்கள். வந்தால், கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள்: அது 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். முன்பு யாரேனும் கையால் இட்ட ஐபி முகவரி அமைப்பில் தங்கியிருந்தாலும் இணையம் வராது; 'தானியங்கி' என்று மாற்றுங்கள். முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் விபிஎன் மென்பொருளை நிறுத்திப் பாருங்கள், தளப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். கணினியின் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய் எந்தத் தளமும் திறக்காது.

ரூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் வேகம் ஆமை வேகம்தான்.

டாங்கிளாக இருந்தால் முதலில் அது செருகப்பட்டிருக்கும் போர்ட்டைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் உச்சமே நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் அதிலும் கணிசமாகக் குறையும். 867 மெகாபிட் டாங்கிளை அதில் செருகினால் திரையில் 867 என்று காட்டிக்கொண்டே மெதுவாக நகரும்.

சரி என்று நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு மாற்றினால், 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய வன்தட்டு போன்ற கருவிகளும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலை எழுப்புகின்றன. இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் இதை அளந்து காட்டியிருக்கிறது. வெளி வன்தட்டிலிருந்து கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை தடுமாறினால் காரணம் இதுவே. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைக் கணினியிலிருந்து தள்ளிவைப்பது மலிவான, உறுதியான தீர்வு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் இந்த இரைச்சல் தொடாது.

இணைப்பு வேகம் எப்போதும் 54 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் அது வேறு கதை. ரூட்டர் இன்னும் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால், வைஃபை 4 முதலான புதிய வேகங்களை அதில் பயன்படுத்தவே அனுமதி இல்லை. ஏஇஎஸ் என்று மாற்றினால் வேகம் எழும். பாதுகாப்பும் அப்போதுதான் உண்மையாகக் கிடைக்கும்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் வைஃபை அறுந்துபோகிறது. பிடுங்கிச் செருகினால் சரியாகிறது.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸ் அடாப்டரை உறங்க வைக்கிறது. சில டிரைவர்களுக்கு உறக்கத்திலிருந்து எழத் தெரிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், கணினி இதை அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லாத கணினிகளில், பவர் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து வேலை செய்யவில்லை.

அப்டேட்டுடன் புதிய டிரைவர் வந்திருக்கலாம். அடாப்டரின் 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தும்படி இருந்தால் அதுவே குறுக்கு வழி. மங்கலாக இருந்தால், இருக்கும் டிரைவரை நீக்கிவிட்டு, சிப்பின் பெயரைக் கொண்டு முந்தைய பதிப்பைத் தேடி நிறுவுங்கள். 'நெட்வொர்க் ரீசெட்' பொத்தானைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தையும் துடைத்துவிடும்.

மடிக்கணினியில் பழைய வைஃபையும் இருக்கிறது, புதிய டாங்கிளும் இருக்கிறது. எதில் இணைகிறது என்றே புரியவில்லை.

பழையதை டிவைஸ் மேனேஜரில் 'டிசேபிள்' செய்துவிடுங்கள்; 'அன்இன்ஸ்டால்' வேண்டாம், அடுத்த முறை கணினி எழும்போது அது திரும்பி வந்துவிடும். இரண்டையும் ஒரே ரூட்டரில் இணைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்பது தவறான எண்ணம். விண்டோஸ் ஒரு பாதையைத் தேர்ந்து அதிலேயே அனுப்பும்.

லினக்ஸில் எந்த அடாப்டர் தொல்லை தராது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பைத் தேர்ந்தால் எதுவுமே நிறுவ வேண்டியதில்லை. உள்ளே பொருத்தும் கார்டு என்றால் இன்டெல். டாங்கிள் என்றால் மீடியாடெக்கின் எம்டி7921யூ போன்றவை. அந்தச் சிப்புக்கான ஆதரவு கெர்னல் 5.18இலிருந்து இருக்கிறது. ரியல்டெக் டாங்கிள்களில் பல, மூன்றாம் நபர்கள் பராமரிக்கும் டிரைவரை நம்பியே நீண்ட காலம் இருந்தன, 6.2இலிருந்து அவற்றில் சில கெர்னலுக்குள் வரத் தொடங்கின. எனவே பழைய கெர்னலுடன் போராடுவதைவிட, புதிய கெர்னல் கொண்ட பதிப்புக்கு மாறுவது பல நேரம் எளிது. டாங்கிள் சிடி டிரைவாகத் தோன்றும் சிக்கல் இங்கேயும் உண்டு. 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற பொதி அதை மாற்றிவிடும்.

லினக்ஸில் டிரைவரைத் தொகுத்து நிறுவினேன், பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அடாப்டர் எழவில்லை.

செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கும்போது கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கும். பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மறுபடி நிறுவி, அந்தத் திரையில் 'என்ரோல்' என்பதைத் தேர்ந்து முடியுங்கள். டிகேஎம்எஸ் முறையில் நிறுவியிருந்தால் கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரும் தானே மறுபடி தொகுக்கப்படும். இல்லையேல் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் வைஃபை மறைந்துபோகும்.

இணைந்திருக்கும் அதே அடாப்டரைக் கொண்டு கணினியை ஹாட்ஸ்பாட் ஆக்க முடியுமா?

டிரைவர் ஆதரித்தால் முடியும். விண்டோஸில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்ற பொத்தான் அதற்கானது. ஒரே ரேடியோ இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். ரூட்டருக்குக் கேபிளும் ஹாட்ஸ்பாட்டுக்கு அடாப்டரும் என்று பிரித்துக்கொண்டால் இந்த இழப்பு இல்லை.

விர்ச்சுவல் மெஷினுக்குள் வைஃபை பட்டியலே தெரியவில்லை. அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

அது அப்படித்தான் இருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி. வெளியே உள்ள இணைப்பு எதுவானாலும், உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு அது கேபிள் இணைப்பாகவே காட்டப்படுகிறது. இணையம் மட்டும் வேண்டும் என்றால் அதுவே போதும். உள்ளேயே வைஃபை பட்டியலைப் பார்த்தாக வேண்டும் என்றால் யூஎஸ்பி டாங்கிளை விர்ச்சுவல் மெஷினுக்கு முழுமையாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் வெளியே உள்ள விண்டோஸால் அதைப் பயன்படுத்த முடியாது. டிரைவரும் உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அது லினக்ஸாக இருந்தால் மேலே லினக்ஸ் பற்றிச் சொன்னவை அனைத்தும் இங்கேயும் பொருந்தும்.